நம்பாதவன் ஞானத்தந்தையாக நிற்கலாமா?

புதுக்கடை மொழிபெயர்ப்பாளன் எழுதியது:

அடுத்த மாதம் என் தங்கையின் மகனுக்கு ஞானஸ்நானம். தாய்மாமன் நான்தான் ஞானத்தந்தையாக நிற்க வேண்டும் என்று தங்கை கேட்டிருக்கிறாள். அம்மா எனக்கு வெள்ளைச் சட்டை கூட வாங்கி வைத்துவிட்டார். நான் கடவுளை நம்புகிறவன் இல்லை. பதினெட்டு ஆண்டுகளாக நம்பவில்லை. வீட்டில் எல்லோருக்கும் இது அரைகுறையாகத் தெரியும், ஆனால் யாரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

நாங்கள் கொழும்பு கொட்டாஞ்சேனைக்காரர்கள். சிறுவயதில் மாலை ஆறரைக்கு விளக்கேற்றியதும் முழங்காலில் நின்று செபமாலை சொல்வோம். விசுவாசப் பிரமாணத்தை அப்பா தொடங்குவார், நாங்கள் தொடர்வோம். இன்றும் அம்மா சொல்லும்போது அடுத்த அறையில் இருக்கும் என் உதடு தானாக அசைகிறது. அந்தப் பிரமாணத்தில் ஒரே ஒரு வரியைத்தான் இன்று என்னால் மனச்சாட்சியோடு சொல்ல முடியும்: "போந்தியு பிலாத்துவின் அதிகாரத்தில் பாடுபட்டு, சிலுவையில் அறையுண்டு, இறந்து, அடக்கம் செய்யப்பட்டார்." அதற்கு முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் எனக்கு இல்லை. அடக்கம் செய்யப்பட்டாரா என்பதில்கூடச் சிறு தயக்கம் உண்டு. ஆனால் இயேசு என்ற அந்த மனிதர் வாழ்ந்தார், உரோம ஆளுநன் பிலாத்துவின் ஆட்சியில் கொல்லப்பட்டார் என்பதில் தயக்கம் இல்லை.

முன்பு அப்படி இல்லை. பதினேழு வயதில், ஒரு திருவருகைக் காலத்தில், மத்தேயு, லூக்கா என்ற இரண்டு நற்செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தேன். மத்தேயுவில் ஏரோது அரசன் குழந்தையைத் தேடுகிறான். லூக்காவில் குரேனியு சிரியாவில் ஆளுநராக இருந்தபோது நடந்த குடிக்கணக்குக்காகப் பெற்றோர் பெத்லகேமுக்குப் போகிறார்கள். ஏரோது இறந்தது கி.மு. 4இல். குரேனியுவின் குடிக்கணக்கு கி.பி. 6இல். ஒரே குழந்தை இரண்டு காலத்திலும் பிறக்க முடியாது. அன்று எனக்குள் எல்லாம் சரிந்தது. பிறகு பல ஆண்டுகள் இயேசு என்று ஒருவர் இருந்ததே இல்லை என்று நண்பர்களிடம் அடித்துச் சொல்லித் திரிந்தேன்.

என்னை மாற்றியது என் தொழில். நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளன். புதுக்கடை நீதிமன்றங்களுக்கு அருகில் சிறிய அறை. பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, காணி உறுதி, சத்தியக்கூற்று என்று நாள் முழுவதும் தாள்கள். ஒருநாள் ஒரு வயதான பெண்மணி வந்தார். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், விவாகப் பதிவில் வேறு, அடையாள அட்டையில் இன்னொன்று. பிறந்த ஆண்டில் நான்கு வருட வித்தியாசம். தகப்பனார் பெயரிலும் எழுத்துப் பிழை. மூன்று தாள்களையும் மேசையில் பரப்பிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். அவர் என் முன்னால் உட்கார்ந்து முந்தானையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தாள்கள் ஒன்றோடொன்று முரண்பட்டதால் அவர் இல்லாமல் போய்விடவில்லை. அன்று இரவே மாற்கு நற்செய்தியை மறுபடி கையில் எடுத்தேன், ஒரு வழக்குக் கட்டைப் புரட்டுவதைப் போல.

தசித்து என்ற உரோம வரலாற்றாசிரியர் கி.பி. 116 அளவில் எழுதுகிறார்: திபேரியு பேரரசன் காலத்தில் பிலாத்துவால் கிறிஸ்து கொல்லப்பட்டார் என்று. அவர் கிறிஸ்தவர்களை வெறுத்தவர், அவர்களது மதத்தைக் கேடான மூடநம்பிக்கை என்றவர். யோசேப்பு என்ற யூத வரலாற்றாசிரியர், கி.பி. 62இல் எருசலேமின் தலைமைக் குரு ஒருவர் யாக்கோபு என்பவரைக் கல்லெறிந்து கொல்ல வைத்ததைச் சொல்லும்போது, யார் அந்த யாக்கோபு என்று விளக்குவதற்காக "கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரர்" என்கிறார். போகிற போக்கில் விழுந்த குறிப்பு. எங்கள் தொழிலில் இப்படிப்பட்ட குறிப்புக்குத்தான் மதிப்பு அதிகம், ஏனென்றால் எதையும் நிரூபிப்பதற்காக அது எழுதப்படவில்லை.

இன்னும் ஒன்று என்னை உலுக்கியது. மாற்கு கிரேக்கத்தில் எழுதினார். ஆனால் சில இடங்களில் கிரேக்கத்தை நிறுத்திவிட்டு, இயேசு பேசிய அரமேயச் சொல்லை அப்படியே விட்டுவிடுகிறார். இறந்து கிடக்கும் சிறுமியிடம் "தலித்தா கூம்". காது கேளாதவனிடம் "எப்பத்தா". சிலுவையில் "எலோயி, எலோயி". ஒரு சொல்லை மொழிபெயர்க்காமல் விடுவது எப்போது என்று எனக்குத் தெரியும். அந்தச் சொல்லே ஒருவரின் குரலாக நினைவில் நின்றுவிட்டால்தான் அப்படி விடுவோம். கெத்சமனியில் அவர் சொல்லும் சொல் "அப்பா". அரமேயத்திலும் அதுதான் சொல். நம் மொழியோடு ஒத்துப்போவது வெறும் ஒலி ஒற்றுமைதான், அதில் இரகசியம் எதுவும் இல்லை. ஆனாலும் சாகப்போகிற ஒருவன் இரவில் நிலத்தில் விழுந்து அப்பா என்று அழைத்ததை எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. அதை வாசித்தபோது எனக்கு அழுகை வந்தது. கடவுளை நம்பாமலே அழுதேன்.

இப்போது என் சிக்கல். நீதிமன்றத்தில் கடவுள் பெயரால் சத்தியம் செய்ய விரும்பாதவர் உறுதிமொழி கூறலாம். 1895ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமே அதற்கு இடம் தருகிறது. நானும் அப்படித்தான் செய்தேன். ஆனால் ஞானஸ்நானத் தொட்டியின் முன்னால் குருவானவர் "விசுவசிக்கிறீர்களா?" என்று கேட்கும்போது எனக்கு எந்த மாற்று வாசகமும் இல்லை. "விசுவசிக்கிறேன்" என்றால் பொய். வாயை மூடிக்கொண்டு நின்றால் அதுவும் ஒரு பொய். மறுத்தால் அம்மா உடைந்துபோவார். 2019 உயிர்த்த ஞாயிறன்று, குண்டு வெடித்த கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குத்தான் அம்மா போகவிருந்தார், கால் வீக்கத்தால் போகவில்லை. அந்தோனியார்தான் தன்னைத் தடுத்தார் என்று இன்றும் சொல்கிறார். உள்ளே இருந்தவர்களை அவர் ஏன் தடுக்கவில்லை என்ற கேள்வி என் தொண்டை வரை வந்து நின்றது. கேட்கவில்லை. ஜூன் மாதம் கோவிலை மறுபடி திறந்ததும் அம்மா போய்விட்டார். அவருடைய விசுவாசம் நான் வாசிக்கும் ஆதாரங்கள் எதன் மேலும் நிற்கவில்லை என்பதை அன்று கண்டேன். அதை இடிக்க எனக்கு விருப்பமும் இல்லை, உரிமையும் இல்லை.

இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள். நான் நிற்கலாமா?


வெள்ளவத்தை வாசகன் எழுதியது:

நிற்காதீர்கள். அதோடு நிறுத்தாமல், இயேசு வாழ்ந்தார் என்ற அந்த ஒற்றை வரியையும் விட்டுவிடுங்கள் என்பேன்.

நான் பாமன்கடையில் வளர்ந்தவன். ஆபிரகாம் கோவூர் வாழ்ந்த இடம். கேரளத்தில் மார்த்தோமா சபைப் பாதிரியார் ஒருவரின் மகனாகப் பிறந்து, இலங்கைக்கு வந்து தாவரவியல் படிப்பித்தவர். அமானுஷ்ய சக்தியை ஏமாற்றுக்கு இடமில்லாத நிலையில் காட்டுகிறவருக்கு ஒரு இலட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அறிவித்தார். 1978இல் இறக்கும் வரை ஒருவரும் அதை வாங்கவில்லை. ஒரு கூற்றை முன்வைப்பவன்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்பதை நான் அவரிடமிருந்து கற்றேன்.

நீங்கள் காட்டும் சாட்சிகளில் ஒருவரும் இயேசுவைக் கண்ணால் கண்டவர் இல்லை. தசித்து எழுதியது சம்பவத்துக்கு எண்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து. கிறிஸ்தவர்கள் சொன்னதையே அவர் திருப்பி எழுதியிருக்கலாம். யோசேப்பின் நூலில் இயேசுவைப் புகழும் இன்னொரு பத்தியைப் பிற்காலக் கிறிஸ்தவர்கள் கைவைத்துத் திருத்தினார்கள் என்பதை அறிஞர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அதே நூலின் இன்னொரு வரியை எப்படி நம்புகிறீர்கள்? மிகப் பழைய எழுத்துகளான பவுலின் கடிதங்களில் நாசரேத்து இல்லை, உவமைகள் இல்லை, பிலாத்துவின் விசாரணை இல்லை. வானத்தில் இருக்கும் ஒரு கிறிஸ்துவைத்தான் அவர் அறிந்திருந்தார்.


புதுக்கடை மொழிபெயர்ப்பாளன் எழுதியது:

வெள்ளவத்தை அன்பருக்கு, பத்தாண்டுகளுக்கு முன்னால் நான் பேசியதை அப்படியே பேசுகிறீர்கள். அதனால் கோபம் வரவில்லை. ஆனால் விட்டுக்கொடுக்கவும் மாட்டேன்.

யோசேப்பின் புகழ்ப் பத்தியில் கை பட்டிருக்கிறது என்பது உண்மை. அந்தக் கையை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ஒரு யூதர் சொல்லவே முடியாத வாசகம் அதில் இருந்ததால். யாக்கோபு பற்றிய வரியில் அப்படி ஒன்றும் இல்லை. "கிறிஸ்து எனப்பட்ட" என்று ஒரு கிறிஸ்தவர் எழுதுவாரா? ஒரு காணி உறுதியில் ஒரு வரி திருத்தப்பட்டிருந்தால் அந்த வரியைத்தான் வெட்டுவோம், முழு உறுதியையும் கிழித்துப் போடுவதில்லை.

பவுலை மறுபடி வாசியுங்கள். கலாத்தியருக்கு எழுதும்போது, எருசலேமுக்குப் போய்க் கேபாவுடன், அதாவது பேதுருவுடன், பதினைந்து நாள் தங்கியதாகவும், ஆண்டவரின் சகோதரர் யாக்கோபைக் கண்டதாகவும் சொல்கிறார். அந்த இடத்தில் பவுல் ஒரு சண்டையில் இருக்கிறார். எருசலேமில் இருந்த தலைவர்களிடம் நான் எதையும் கற்கவில்லை என்று நிறுவப் பார்க்கிறார். அவர்களைச் சந்தித்ததையே மறைக்க முடிந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும். முடியவில்லை, ஒப்புக்கொள்கிறார். வானத்தில் மட்டும் வாழ்ந்தவருக்கு எருசலேமில் தம்பி இருக்க முடியாது.

கதை கட்டுகிறவன் எதைக் கட்டுவான் என்றும் யோசித்துப் பாருங்கள். மீட்பரை எதிர்பார்த்த ஒரு மக்களிடம் போய், அவர் அடிமைகளையும் கலகக்காரர்களையும் தொங்கவிடும் மரத்தில் அம்மணமாகச் செத்தார் என்று யார் வலிந்து சொல்வார்? பாவமன்னிப்புக்காக யோவான் கொடுத்த ஞானஸ்நானத்தை இயேசு பெற்றார் என்று மாற்கு வெளிப்படையாகச் சொல்கிறார். அது பின்னால் வந்தவர்களுக்குச் சங்கடமாகிவிட்டது. மத்தேயுவில் யோவான் "நான் அல்லவா உம்மிடம் பெற வேண்டும்" என்று தடுக்கிறார். நான்காவது நற்செய்தியில் ஞானஸ்நானம் நடந்ததே நேராகச் சொல்லப்படவில்லை. சொந்த ஊரில் அவரால் பெரிய செயல் எதையும் செய்ய முடியவில்லை என்று மாற்கு எழுதியதை, அங்கே அவர் செய்யவில்லை என்று மத்தேயு மென்மையாக்குகிறார். "முடியவில்லை" என்பதை "செய்யவில்லை" என்று மாற்றுவது எப்படிப்பட்ட வேலை என்று ஒரு மொழிபெயர்ப்பாளனைக் கேளுங்கள். இவர்கள் தங்கள் கைக்கு வந்து சேர்ந்த ஒன்றோடு போராடியிருக்கிறார்கள்.

கொச்சிக்கடைக் கோவிலின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கம் தடைசெய்யப்பட்டிருந்தது. மறைந்து திரிந்த அந்தோனியோ என்ற குருவானவரிடம் முகத்துவாரத்து மீனவர்கள் கடல் ஊரைத் தின்கிறது என்று முறையிட்டார்கள், அவர் சிலுவையை நட்டுச் செபித்தார், கடல் விலகியது. கடல் விலகியதை நான் நம்பவில்லை. அதற்காக வேட்டையாடப்பட்ட ஒரு குரு அந்தக் கரையில் நடமாடவே இல்லை என்று சொல்ல என் வாய் வராது.

கோவூரை நானும் மதிக்கிறேன். கூற்றுக்குத் தக்க ஆதாரம் கேட்டவர் அவர். இறந்தவர் எழுந்தார் என்பதற்கு நானும் ஒரு இலட்சம் ரூபாய்க்கான சோதனையைக் கேட்பேன். கலிலேயாவில் ஒரு தச்சர் பேசினார், எருசலேமில் ஆட்சியாளர்கள் அவரைக் கொன்றார்கள் என்பதற்கு அத்தனை வேண்டியதில்லை. ஆட்சியாளர்கள் ஏழைகளைக் கொல்வது அற்புதம் இல்லையே.


மட்டக்குளி ஆசிரியை எழுதியது:

தம்பி, நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மறைக்கல்வி படிப்பித்தவள். விசுவாசி. உங்கள் கேள்வியை இரண்டு முறை வாசித்தேன்.

முதலில் திருச்சபையின் ஒழுங்கைச் சொல்லிவிடுகிறேன். ஞானப்பெற்றோராக நிற்பவர் பதினாறு வயது நிறைந்த, உறுதிபூசுதல் பெற்ற, விசுவாச வாழ்வு வாழும் கத்தோலிக்கராக இருக்க வேண்டும். சொந்தக்காரர் என்ற மரியாதைக்காகக் கொடுக்கும் பதவியாக நம் வீடுகளில் அதை ஆக்கிவிட்டோம். அந்தத் தவறு உங்களுடையது இல்லை. ஆகவே நிற்காதீர்கள். உங்களைத் தள்ளிவைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் "விசுவசிக்கிறேன்" என்ற சொல்லுக்கு நீங்கள் கொடுக்கும் மதிப்பு, அதை நாளுக்கு நான்கு முறை சொல்லும் பலர் கொடுப்பதைவிட அதிகம். அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆறுமுக நாவலரை நினைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாரோடு உட்கார்ந்து வேதாகமத்தைத் தமிழாக்கினார். 1850இல் அது அச்சில் வந்தது. அந்த நூலுக்குத் தம் இளமையைக் கொடுத்தார், ஆனால் சைவராகவே இருந்தார், சைவராகவே இறந்தார். யாரும் அவரைத் தொட்டியருகே நிறுத்திப் பொய் சொல்ல வைக்கவில்லை.

ஒரு இடத்தில் மட்டும் உங்களோடு முரண்படுகிறேன். உயிர்ப்பைப் பிற்காலத்தில் ஒட்டிய கதை போல நினைக்கிறீர்களோ என்று பயமாக இருக்கிறது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் பதினைந்தாம் அதிகாரத்தில், தான் பெற்றுக்கொண்டதையே ஒப்படைப்பதாகச் சொல்லி, கிறிஸ்து கேபாவுக்கும் பன்னிருவருக்கும் தோன்றினார் என்று வரிசைப்படுத்துகிறார். நற்செய்திகள் எழுதப்படுவதற்கு முன்னரே அது பாடம்போல மனனமாகிவிட்டது. உங்கள் மாற்கின் மிகப் பழைய பிரதிகள், பெண்கள் கல்லறையிலிருந்து நடுங்கி ஓடி, அச்சத்தால் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை என்பதோடு முடிந்துவிடுகின்றன. பலருக்கு அது குறையாகத் தெரிகிறது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு எனக்கு வாசிக்க முடிந்த ஒரே முடிவு அதுதான். நாங்களும் அப்படித்தான் நடுங்கிக்கொண்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் இருந்தோம்.


மருதானைக்காரன் எழுதியது:

எங்கள் குடும்பத்தில் மர்யம் என்ற பெயரில் மூன்று பேர் இருக்கிறார்கள். நீங்கள் இயேசு என்று சொல்லும் ஈஸா நபியை நேசிக்காமல் நான் முஸ்லிமாக இருக்க முடியாது. ஆனால் உங்கள் அந்த ஒரு வரியையே நான் சொல்ல முடியாது. அவர்கள் அவரைக் கொல்லவும் இல்லை, சிலுவையில் அறையவும் இல்லை என்று குர்ஆனின் நான்காம் அத்தியாயம் சொல்கிறது. வரலாற்றாசிரியர்கள் மிக உறுதியாகச் சொல்லும் இடத்தில்தான் என் நம்பிக்கை வேறு திசையில் நிற்கிறது. அதை மறைத்து உங்களுடன் வாதாட வரவில்லை. நான் நம்புவது வஹீயை, இறைவன் அறிவித்த செய்தியை. அதை நீதிமன்றச் சாட்சியமாக உங்கள் முன் வைக்கமாட்டேன்.

நானும் புதுக்கடையில் சாட்சிக் கூண்டில் ஏறி உறுதிமொழிதான் கூறினேன். உறுதிமொழி கூறியவனின் சாட்சி குறைந்தது என்று நீதிபதி நினைக்கவில்லை. உங்கள் தங்கையும் நினைக்கமாட்டார். அவரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள், தொலைபேசியில் வேண்டாம்.


ஒரு ஞானமகள் எழுதியது:

எனக்கு இருபத்து மூன்று வயது. என் ஞானத்தந்தை நம்பாதவர். அவர் என் பெரியப்பா. பதினைந்தாவது வயதில்தான் எனக்குத் தெரியவந்தது. அதுவரை ஒவ்வொரு கிறிஸ்மஸ் பூசைக்கும் என் பக்கத்தில் நின்று எல்லாச் செபங்களையும் சொன்னார். அவர் நம்பவில்லை என்பது எனக்கு வலிக்கவில்லை. என் தலையில் தண்ணீர் ஊற்றிய அன்று அவர் என் சார்பாகச் சொன்ன வார்த்தை வெறும் சத்தம் என்பதுதான் வலித்தது. அதன் பிறகு அவர் எனக்குச் சொன்ன நல்ல விடயங்களையும் ஒருமுறை சந்தேகத்தோடு புரட்டிப் பார்த்தேன். இன்று சமாதானமாகிவிட்டோம். ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் பிடித்தன.


புதுக்கடை மொழிபெயர்ப்பாளன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஞானமகளின் சில வரிகள் என் தூக்கத்தைக் கெடுத்தன.

ஆசிரியை அம்மாவுக்கு: அந்த நம்பிக்கை மிகத் தொடக்கத்திலேயே இருந்தது என்பதை ஏற்கிறேன். அவர்கள் கண்டதாக மெய்யாகவே நம்பினார்கள். பொய் சொன்னார்கள் என்று ஒருபோதும் சொல்லமாட்டேன். அப்பா இறந்த மூன்றாம் மாதம் முன்வாசலில் அவருடைய செருமலை நானும் கேட்டேன், எழுந்து கதவும் திறந்தேன். துக்கம் அதைச் செய்யும் என்று எனக்குத் தெரியும். அதற்கு மேல் என்னால் போக முடியவில்லை. ஆனால் மாற்கின் முடிவைப் பற்றி நீங்கள் எழுதியதை இனி அந்தப் பக்கத்தைப் புரட்டும்போதெல்லாம் நினைப்பேன்.

ஞாயிறு மாலை தங்கை வீட்டுக்கு நேரில் போனேன். குழந்தை என் மடியில் இருந்தான். சொன்னேன். அவள் அழுதாள். பிறகு, "அப்படியென்றால் இவனுக்கு யார் இயேசுவின் கதையைச் சொல்வது? நீதானே இத்தனை வாசித்திருக்கிறாய்" என்று கேட்டாள். நான் சொல்கிறேன் என்றேன். நாசரேத்துத் தச்சர், யோர்தான் ஆறு, வரி தண்டுகிறவர்களோடு விருந்து, ஆலயத்தில் கவிழ்த்த மேசைகள், அந்த வெள்ளிக்கிழமை, எல்லாம் சொல்வேன். அதற்குப் பிறகு நடந்ததை உன் அம்மாவிடம் கேள் என்று அவனிடம் சொல்வேன். அவள் தலையாட்டினாள். கணவரின் அண்ணன் ஞானத்தந்தையாக நிற்கிறார். நான் அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு மூன்றாம் வரிசையில் இருப்பேன்.

அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. செவ்வாய்க்கிழமை மாலை குடையும் செபமாலையுமாக வாசலில் வந்து நின்றார். வழக்கம்போல முச்சக்கரவண்டி பிடித்தேன். ஜம்பட்டா வீதியில் நெரிசல். அம்மா திடீரென்று, "பிலாத்துவின் பெயர் ஏதோ கல்லில் இருக்கிறதென்று தங்கையிடம் சொன்னாயாமே, உண்மையா?" என்று கேட்டார்.

உண்மைதான் என்றேன். 1961இல் செசரியா கடற்கரையில், பழைய அரங்கத்தின் படிக்கட்டில் மறுபடி பயன்படுத்தியிருந்த ஒரு கல்லைக் கண்டெடுத்தார்கள். இடப்பக்கம் சிதைந்துவிட்டது. பெயரின் முதல் எழுத்துகள் போய்விட்டன, மிச்சத்தை வாசிக்கலாம். தொலைபேசியில் படத்தை எடுத்துக் கொடுத்தேன். அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தை விரலால் பெரிதாக்கி, கொச்சிக்கடை வரும் வரை பார்த்துக்கொண்டே வந்தார்.

"தினமும் இவன் பெயரைச் சொல்கிறேன்" என்றார்.